6174-க்குப் போகும் வண்டிகள்

எங்கள் ஊருக்குள் நுழையும் முன் ஒரு ரயில்வே கேட் உண்டு. மூடினால் சீக்கிரத்தில் திறக்காது. ஒரு கூட்ஸ் வண்டி கடகடவென்று போகும். சரி, திறந்துவிடுவார்கள் என்று ஆட்டோக்காரர்கள் வண்டியை முடுக்குவார்கள். அதற்குள், "எதிர்ப்பக்கம் இன்னொரு ட்ரெயின் வருதாம்" என்று யாராவது சொல்லுவார். முடுக்கின வண்டியை அணைத்துவிட்டு எல்லோரும் பழையபடி வியர்க்க வேண்டியதுதான்.

போன மே மாதம் அப்படி மாட்டிக்கொண்டபோது என்னோடு என் அக்கா மகள் இருந்தாள். ஆறாம் வகுப்பு முடித்தவள். வேர்க்கடலைப் பொட்டலம் காலியாகிவிட்டது. என் போனிலும் சார்ஜ் இல்லை.

"மாமா, போரடிக்குது."

"முன்னாடி நிக்கிற ஆட்டோ நம்பர் என்ன?"

"ஒண்ணு ஒன்பது நாலு ஏழு."

"அந்த நாலு எண்ணையும் பெரிசுலேருந்து சின்னதா அடுக்கி எழுது. அதுக்குக் கீழே சின்னதுலேருந்து பெரிசா அடுக்கி எழுது. மேலதிலிருந்து கீழதைக் கழி."

வேர்க்கடலை சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

9741 − 1479 = 8262

"வந்த விடையை மறுபடி அதே மாதிரி அடுக்கிக் கழி."

8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

"இன்னும் எவ்வளவு நேரம் மாமா?"

"இன்னும் ஒரே தடவை."

7641 − 1467 = 6174

நிமிர்ந்து பார்த்தாள். "அதே நம்பர் வந்திருச்சு!"

"அங்கேயேதான் நிக்கும். இனிமே எத்தனை தடவை கழிச்சாலும் 6174-தான். அந்த பைக் நம்பரைப் போட்டுப் பாரு."

பைக்கின் எண் 2025. அவள் நம்பவில்லை, ஆனாலும் போட்டாள். 5220-லிருந்து 0225 போனால் 4995. அப்புறம் 5355, 1998, 8082, 8532. ஆறாவது கழித்தலில் வந்து விழுந்தது: 6174.

"நீங்க ஏதோ ஏமாத்துறீங்க மாமா" என்றாள். கணக்கைப் போட்டவள் அவள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் முன்பின் தெரியாத யாரோ. நான் எப்படி ஏமாற்ற முடியும்?

நீங்களும் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வண்டி எண், தாத்தா பிறந்த ஆண்டு, போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், எது வேண்டுமானாலும் இருக்கட்டும். 5555 மாதிரி நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் முதல் கழித்தலிலேயே பூஜ்யமாகி ஆட்டம் முடிந்துவிடும். இன்னொன்று: நடுவில் மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். 2111-ஐ எடுத்தால் 2111 − 1112 = 999 என்று வரும். அதை 0999 என்று எழுதி, 9990 − 0999 என்று தொடர வேண்டும். பூஜ்யத்தை விட்டீர்களோ, 6174-க்குப் போகவே மாட்டீர்கள்.

எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு கழித்தல்களில் 6174 வந்துவிடும். எட்டாவது தேவைப்பட்டால், கடன் வாங்கிக் கழித்ததில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறீர்கள். எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். 8262: 8+2+6+2 = 18. 4995: 27. எப்போதும் 18 அல்லது 27-தான் வரும். வேறு ஏதாவது வந்தால் தப்பு அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் த.ரா. கப்ரேக்கர். 1905-இல் மகாராஷ்டிரத்துக் கடலோர ஊரான தஹானுவில் பிறந்தவர். எட்டு வயதில் அம்மாவை இழந்தார். வளர்த்த அப்பா ஒரு குமாஸ்தா. ஜோதிடத்தில் பைத்தியமாக இருந்தவர். ஜோதிடம் பலிக்குமா என்பது வேறு பேச்சு. ஆனால் ஜாதகம் கணிக்கக் கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் நிறைய வேண்டும் இல்லையா? பையனுக்கு எண்கள் மேல் ஆசை பிடித்தது அங்கேதான்.

புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் படித்தார். 1927-இல் அங்கே மாணவர்களின் சொந்தக் கணித ஆக்கத்துக்குத் தரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்தது. மேல்படிப்பு இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. 1930-இல் நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து, 1962-இல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். 6174-ஐக் கண்டுபிடித்தது 1946-இல். அவரிடம் கணிப்பொறி கிடையாது, கையில் அடக்கமான கால்குலேட்டரும் கிடையாது. பேனாவும் காகிதமும்தான். மூன்று ஆண்டு கழித்து, 1949-இல், ஒரு கணித மாநாட்டில் இதைச் சொன்னார். அந்த மாநாடு நடந்த ஊர் எது தெரியுமா? மதராஸ், அதாவது இன்றைய சென்னை. 6174-ஐப் பற்றி வெளியுலகம் கேள்விப்பட்ட முதல் இடங்களில் ஒன்று நம்முடைய ஊர்.

கேட்டவர்கள் எல்லோரும் கைதட்டிவிடவில்லை. இந்தியக் கணித அறிஞர்கள் பலருக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நம் கையில் பத்து விரல், அதனால் பத்துப் பத்தாக எண்ணி எழுதுகிறோம். மனிதனுக்கு எட்டு விரல் இருந்து எட்டு எட்டாக எண்ணியிருந்தால் இதே விளையாட்டு வேறு எங்கோ போயிருக்கும். எழுதும் முறையை வைத்து வரும் வேடிக்கை எண்ணின் உள்ளே இருக்கும் உண்மை ஆகாது என்பது அவர்கள் கட்சி. கப்ரேக்கர் வாக்குவாதத்துக்குப் போகவில்லை. சொந்தக் காசைச் செலவழித்து மாநாடுகளுக்குப் போனார், தன் கண்டுபிடிப்புகளைத் தானே அச்சிட்டார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி எண்களோடு உட்கார்ந்தார். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர், கணித வேடிக்கைகளுக்காக ஒரு பத்திரிகையில் மாதாமாதம் எழுதிவந்த பகுதியில் இவரைப் பற்றி எழுதினார். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கப்ரேக்கருக்கு அப்போது வயது 70.

சரி, ஏன் 6174? என் அக்கா மகள் கேட்ட அடுத்த கேள்வியும் அதுதான். இதற்குப் பதில் தேடுவது, கழித்துக் கழித்துப் பார்ப்பதைவிட ருசியான வேலை. முதலில் மூன்று இலக்கத்தில் தொடங்கலாம், அது எளிது.

352-ஐ எடுத்துக்கொள்வோம். 532 − 235 = 297. பிறகு 972 − 279 = 693. அப்புறம் 594, அப்புறம் 495. இனி 954 − 459 = 495. ஆக, மூன்று இலக்கத்துக்கு முடிவிடம் 495.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். 532-இல் 5 நூறாம் இடத்தில் இருக்கிறது; 235-இல் அதே 5 ஒன்றாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. நடுவிலிருந்த 3 இரண்டிலும் நடுவில்தான்; கழிக்கும்போது அது காணாமல் போகிறது. ஆக, விடையைத் தீர்மானிப்பது பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அந்த வித்தியாசத்தை 99-ஆல் பெருக்கினால் விடை. 5-க்கும் 2-க்கும் வித்தியாசம் 3. மூன்று தொண்ணூற்றொன்பது 297. சரியா?

மூன்றும் ஒரே இலக்கமாக இருக்கும் எண்களை இங்கேயும் விட்டுவிட்டால், வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். அப்படியென்றால் உலகத்தில் உள்ள எந்த மூன்று இலக்க எண்ணும் முதல் கழித்தலிலேயே ஒன்பது எண்களில் ஒன்றாகிவிடுகிறது: 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891. இந்த ஒன்பதையும் கழித்துப் பார்த்துவிட்டால் ஆட்டம் நம் கைக்குள். 099 போவது 891-க்கு. 198-உம் 891-உம் 792-க்கு. 297-உம் 792-உம் 693-க்கு. 396-உம் 693-உம் 594-க்கு. 594 போவது 495-க்கு. எல்லாச் சந்துகளும் ஒரே தெருவில் போய்ச் சேருகின்றன. பார்த்தீர்களா? இது வெறும் சோதனை இல்லை. எந்த மூன்று இலக்க எண்ணும் தப்ப முடியாது என்பதற்கு நாம் நிரூபணமே கொடுத்துவிட்டோம், கடலைக் காகிதத்தில்.

நான்கு இலக்கத்துக்கும் அதே தந்திரம்தான், கொஞ்சம் நீளம் அதிகம். 7641-இல் ஏழு ஆயிரத்தின் இடத்தில். திருப்பிப் போட்டால் ஒன்றின் இடத்தில். அதனால் வெளியே இருக்கும் இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தை 999-ஆல் பெருக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டும் நூறிலிருந்து பத்துக்கும் பத்திலிருந்து நூறுக்கும் மாறுகின்றன. அவற்றின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் விடை. 7641-இல் வெளி வித்தியாசம் 7 − 1 = 6. உள் வித்தியாசம் 6 − 4 = 2. 6 × 999 = 5994. 2 × 90 = 180. கூட்டினால் 6174.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு சின்ன மந்திரவாதம் செய்யலாம். வெளி வித்தியாசம் 6, உள் வித்தியாசம் 2 உள்ள எந்த எண்ணும் ஒரே தாவலில் 6174-க்குப் போகும். 3579 என்ற பஸ் எதிரே வந்தால், நண்பனிடம் "இது ஒரே கழித்தல்ல முடிஞ்சிடும், பந்தயமா?" என்று கேளுங்கள். 9753: ஒன்பதில் மூன்று போனால் ஆறு, ஏழில் ஐந்து போனால் இரண்டு. பந்தயத்தில் என்ன ஜெயித்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

வெளி வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். உள் வித்தியாசம் 0-ஆகவும் இருக்கலாம், ஆனால் வெளி வித்தியாசத்தைத் தாண்ட முடியாது; அடுக்கி வைத்த வரிசையில் நடுவில் இருப்பவை ஓரத்தில் இருப்பவற்றுக்குள் அடங்கித்தானே ஆக வேண்டும்? வெளி 1 என்றால் உள்ளே 0, 1 என இரண்டு வழி. வெளி 2 என்றால் மூன்று வழி. இப்படியே வெளி 9 என்றால் பத்து வழி. 2-லிருந்து 10 வரை கூட்டுங்கள்: 54.

1000 முதல் 9999 வரை 9000 எண்கள். ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் ஒன்பதை விட்டால் 8991. அத்தனை வண்டிகளும் முதல் கழித்தலிலேயே வெறும் 54 வாசல்களுக்குள் நுழைந்துவிடுகின்றன! அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே 6174-இல் போய் முடிவது தெரியும். மழை பெய்கிற ஒரு மத்தியானம் போதும். இலக்கங்களை இடம் மாற்றினால் ஒன்றாகிவிடும் எண்களைச் சேர்த்துவிட்டால் வேலை இன்னும் குறையும், மிஞ்சுவது 30-தான்.

கப்ரேக்கரின் பெட்டியில் வேறு பொம்மைகளும் உண்டு. பம்பாயிலிருந்து சுமார் 30 மைல் தள்ளி ஒரு ரயில் நிலையத்தில் இருந்தபோது அவருக்கு ஒரு வகை எண்களைப் பற்றி யோசனை வந்தது. அந்த ஸ்டேஷன் பெயரையே வைத்து 'டெம்லோ எண்கள்' என்று அழைத்தார். நமக்கு ரயில்வே கேட், அவருக்கு ரயில் நிலையம்! அந்த வகையில் அழகானவை இவை: 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. 1111-ஐ அதனாலேயே பெருக்கினால் 1234321. ஒன்பது ஒன்றுகள் வரை இந்தக் கோபுரம் ஏறி இறங்கும். பத்தாவதில் கலைந்துவிடும். ஏன் கலைகிறது என்று பெருக்கிப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. அதை நடுவில் வெட்டிக் கூட்டுங்கள்: 20 + 25 = 45. அந்த பைக்கின் எண்ணுக்குள் இது ஒளிந்திருந்ததை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். 55-உம் அப்படித்தான்: 3025, 30 + 25 = 55. 297-இன் வர்க்கம் 88209; 88 + 209 = 297. இவற்றைக் கப்ரேக்கர் எண்கள் என்றே சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது 2223. அதன் வர்க்கம் 4941729. வெட்டினால் 494, 1729. கூட்டினால் 2223. அந்த 1729-ஐப் பார்த்தீர்களா? ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட டாக்ஸி எண். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது.

1729 இன்னொரு பட்டியலிலும் இருக்கிறது. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியில்லாமல் வகுபடும் எண்களுக்குக் கப்ரேக்கர் 'ஹர்ஷத் எண்கள்' என்று பெயர் வைத்தார். சமஸ்கிருதத்தில் ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. மகிழ்ச்சி தரும் எண்கள். 12-ஐ 3 வகுக்கும். 42-ஐ 6 வகுக்கும். 1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. 1729-ஐ 19-ஆல் வகுத்தால் 91. 19-ஐத் திருப்பிப் போட்டதுதான் 91! நம்முடைய 6174-உம் மகிழ்ச்சி எண்தான். கூட்டுத்தொகை 18, வகுத்தால் 343, அது 7 × 7 × 7. இது போதாதென்று, 18, 18-இன் வர்க்கம் 324, 18-இன் கனம் 5832 மூன்றையும் கூட்டிப் பாருங்கள். விடையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டுங்கள். 15-ஓடு 1-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 21. ஆகவே 21-க்கு 15 அம்மா என்று வைத்துக்கொள்வோம். 101-க்கு இரண்டு அம்மா: 91-உம் 100-உம். 20-க்கு? தேடிப் பாருங்கள், கிடைக்காது. 31-க்கும் கிடையாது, 42-க்கும் கிடையாது. தாமாகவே வந்த எண்கள் என்று கப்ரேக்கர் இவற்றைத் தனியாகப் பிரித்தார். தமிழில் நான் இவற்றைத் 'தான்தோன்றி எண்கள்' என்று சொல்லிக்கொள்கிறேன். யார் பேச்சையும் கேட்காத பிள்ளையை வீட்டில் எந்தச் சொல்லால் திட்டுவார்கள் என்பது உங்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும். அதே சொல்தான்.

"இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று யாராவது கேட்பார்கள். வராது. கேரம் போர்டும் பரீட்சைக்கு வருவதில்லை. எண் விளையாட்டு என்றதும் போனில் சுற்றி வரும் புதிர்கள் சிலருக்கு நினைவுக்கு வரும்: ஆப்பிள் படம், வாழைப்பழப் படம், கீழே 'அறிவாளிகளால் மட்டுமே முடியும்' என்று ஒரு வரி. எனக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. பெரும்பாலும் படத்தில் ஒரு பழத்தைக் குறைத்து வைத்து ஏமாற்றுகிற வேலைதான் அது. முடிக்க முடியாதவனை முட்டாள் என்றும் சொல்கிறது. கப்ரேக்கரின் விளையாட்டு யாரையும் அப்படிப் பிரிப்பதில்லை. கழிக்கத் தெரிந்தால் போதும். மெதுவாகப் போட்டாலும் அதே 6174-தான் கிடைக்கும்.

கேட் திறந்துவிட்டது. ஆனால் காகிதம் மூடவில்லை. வீட்டுக்குப் போய், பழைய ரஃப் நோட்டின் மிச்சப் பக்கங்களில் அவள் தொடர்ந்தாள். முதலில் இரண்டு இலக்கம். அதில் எதுவும் நிற்கவில்லை: 09, 81, 63, 27, 45, மறுபடி 09. ராட்டினம் மாதிரி ஐந்து எண்கள் சுற்றிச் சுற்றி வந்தன. "இது ஏன் மாமா நிக்கல?" என்று போன் செய்தாள். "அஞ்சு இலக்கத்துல என்ன ஆகுதுன்னு பாரு" என்றேன்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. ஐந்து இலக்கத்திலும் நிற்கவில்லை. 61974, 82962, 75933, 63954 என்று போய் மறுபடி 61974-க்கே வந்துவிட்டதாம். வேறோர் எண்ணில் தொடங்கினால் 53955-உம் 59994-உம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கின்றனவாம்.

"ரெண்டு ராட்டினம் கண்டுபிடிச்சிட்டேன். அவ்வளவுதானா மாமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"எந்த நம்பர்ல ஆரம்பிக்கணும்?"

அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்வதாக இல்லை.